கடலோரத் தொண்டு நிறுவனங்களில் ஏஐ: உள்ளே போவதும் வெளியே வருவதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை இராமநாதபுரம் கடலோரத்தில் இயங்கும் சிறிய தொண்டு நிறுவனங்களில் ஏஐ எனும் செயற்கை நுண்ணறிவு யாரும் தீர்மானம் போடாமலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது. நிர்வாகக் குழு கூடிப் பேசி வாங்கியது அல்ல. களப்பணியாளரின் கைபேசியில் இருக்கிறது, அவ்வளவுதான். நாளைக் காலை நன்கொடையாளருக்கு ஆங்கிலத்தில் அறிக்கை போக வேண்டும், இரவு ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் இருப்பது ஒரே ஒரு ஆள் என்றால், அந்தச் செயலியைத் திறக்காமல் யாரால் இருக்க முடியும்? திறப்பதில் தவறும் இல்லை. நாலைந்து பேர் வேலை பார்க்கும் இடத்தில் கணக்கு, கடிதம், அறிக்கை, மொழிபெயர்ப்பு எல்லாம் சேர்ந்து ஊருக்குள் போக வேண்டிய நேரத்தைத் தின்றுவிடுகின்றன. அந்தச் சுமையை ஏஐ இறக்கி வைக்குமானால் வரவேற்கத்தான் வேண்டும்.

ஆனால் அதற்குள் எதைப் போடுகிறோம், அதிலிருந்து வருவதை யார் படித்துப் பார்த்து வெளியே விடுகிறார்கள் என்ற இரண்டு இடத்திலும் இன்று காவல் இல்லை. இரண்டைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்தருள வேண்டும்.

முதலில் உள்ளே போவது. புயல் நிவாரணப் பட்டியல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், ஆதார் எண், குடும்ப அட்டை எண், வங்கிக் கணக்கு, கைபேசி எண், கைம்பெண்ணா, வீட்டில் நோயாளி உண்டா, படகு சொந்தமா, கடன் எவ்வளவு என்று ஒரு குடும்பத்தின் முழு வாழ்க்கையும் ஒரே வரியில் இருக்கும். "இதை ஊர்வாரியாகப் பிரித்து, இரண்டு தடவை வரும் பெயர்களை நீக்கிக் கொடு" என்று அந்த எக்செல் கோப்பை அப்படியே ஏஐ செயலியில் ஏற்றிவிடுகிறார்கள். அந்த நொடியிலேயே பட்டியல் அலுவலக அலமாரியை விட்டு, எங்கோ உள்ள ஒரு நிறுவனத்தின் கணினிக்குப் போய்விடுகிறது. இலவசக் கணக்குகள் பலவற்றில், அமைப்புகளுக்குள் போய் நாமே நிறுத்தி வைத்தால் ஒழிய, நாம் தட்டச்சு செய்வது அடுத்த பதிப்பைப் பயிற்றுவிக்கப் பயன்படலாம். கணக்கு பணியாளரின் சொந்த மின்னஞ்சலில் இருந்தால், அவர் வேலையை விட்டுப் போகும்போது அந்த உரையாடலும் அவரோடே போகிறது. உரையாடலுக்குப் பகிர்வு இணைப்பு உருவாக்கி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாலோ, அந்த இணைப்பு யார் கைக்குக் கிடைத்தாலும் திறந்துகொள்ளும்.

எந்த ஊரிலும் இது கவலைக்குரியதுதான். நம் கடலோரத்தில் ஆபத்து இன்னும் கூடுதல். எல்லை தாண்டியதாக இலங்கைச் சிறையில் இருக்கும் மீனவரின் குடும்பம், படகு யாருடையது, எந்த இடத்தில் வலை விட்டார்கள் என்பதையெல்லாம் வழக்கு நடக்கும்போதே தொண்டு நிறுவனத்தை நம்பிச் சொல்கிறது. 2022 மார்ச்சுக்குப் பிறகு இலங்கையின் பொருளாதார நெருக்கடி தாளாமல் படகேறித் தனுஷ்கோடிப் பக்கம் இறங்கி, மண்டபம் மறுவாழ்வு முகாமுக்கு வந்தவர்களுக்கு அக்கரையில் இன்னும் உறவுகள் இருக்கிறார்கள். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, சங்கிலியில் கட்டி வைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். இன்று நடப்பில் உள்ள 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. சிகிச்சை பெறுபவரின் விவரங்கள் இரகசியமாக இருக்க வேண்டும் என்பதை அவரது உரிமையாகவும் ஆக்கியிருக்கிறது. அந்த ஊரில் ஆலோசனைக் குறிப்பேட்டை "சுருக்கித் தா" என்று ஏஐயிடம் கொடுப்பது அந்த உரிமையில் கை வைப்பதுதான். பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் அடையாளத்துக்குப் போக்சோ சட்டத்திலும், எச்.ஐ.வி. உள்ளவரின் நிலைக்கு 2017-ல் வந்த தனிச் சட்டத்திலும் பாதுகாப்பு இருக்கிறது.

இவற்றுக்கு மேல் 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் அதன் விதிகள் அறிவிக்கப்பட்டன; முக்கியமான கடமைகள் 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. தொண்டு நிறுவனம் என்ற ஒரே காரணத்துக்காக அதில் விலக்கு கிடையாது. தரவைக் காக்கத் தகுந்த ஏற்பாடு செய்யத் தவறினால் தண்டத்தொகை 250 கோடி ரூபாய் வரை போகலாம். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். ஆண்டுக்குச் சில லட்சங்களில் ஓடும் அமைப்புகள் இந்தச் சட்டம் பெரிய கம்பெனிகளுக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கின்றன. அந்த நினைப்பு தவறு.

செய்ய வேண்டியது கடினமானதல்ல. அலுவலகத்தில் உள்ள ஒவ்வொரு கோப்புக்கும், குறிப்பேட்டுக்கும் ஒரு நிறப்புள்ளி ஒட்டினால் போதும். ஆதார், வங்கி விவரம், கைபேசி எண், நோய், மனநலம், வழக்கு, குழந்தைகள், முகாம், வீட்டின் இருப்பிடக் குறி ஆகியவை உள்ளதெல்லாம் சிவப்பு. காசு கட்டி வாங்கிய ஏஐயாக இருந்தாலும் இலவசமாக இருந்தாலும் சிவப்பு உள்ளே போகக் கூடாது. கூட்டக் குறிப்பு, களக்குறிப்பு போன்றவை மஞ்சள். ஆளை அடையாளம் காட்டுவதை எடுத்த பிறகு போகலாம். அரசாணை, திட்ட விதிமுறை, அச்சிட்டு வெளியிட்ட ஆண்டறிக்கை போன்றவை பச்சை.

மஞ்சளில்தான் அதிகம் தவறு நடக்கிறது. பெயரை அழித்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவார் என்று நினைக்கிறார்கள். "கீழக்கரை பக்கத்து ஊர், 34 வயது, கணவர் 2021-ல் கடலில் காணாமல் போனார், இரண்டாவது மகளுக்குக் காது கேளாது" என்று எழுதினால் அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டிவிடுவார்கள். ஆகவே வயதை "30 முதல் 39" என்றும், ஊரை ஒன்றியமாகவும், ஆண்டைச் "சில ஆண்டுகளுக்கு முன்" என்றும் மாற்ற வேண்டும். ஒரு ஊரில் ஐந்து பேருக்கும் குறைவானவர்களுக்கே பொருந்தும் விவரம் எதுவானாலும் பக்கத்து ஊர்களோடு சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும். பெயருக்குப் பதில் ஒன்றியம், ஊர், வரிசை எண் கொண்ட குறியீடு ஒன்று போடலாம்: க-03-017 என்பது போல. எந்தக் குறியீடு யாருக்கு என்பது ஒரே ஒரு காகித நோட்டில் இருக்கட்டும்; அது பூட்டிய பீரோவில் இருக்கட்டும்; சாவி இரண்டு பேரிடம் மட்டும் இருக்கட்டும்.

இரண்டு தடவை வரும் பெயர்களை நீக்க ஏஐ தேவையே இல்லை, எக்செல் போதும். சொல்லப்போனால் இந்த வேலையில் ஏஐ நம் ஊர்ப் பெயர்களிடம் தோற்றுப்போகிறது. முனியசாமி என்ற பெயரை ஆங்கிலத்தில் மூன்று பதிவேட்டில் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். அந்தோணியம்மாள், சீனி, சேகு என்று ஒரே தெருவில் ஒரே பெயர் பத்துப் பேருக்கு இருக்கும். பெண்களுக்கு ஆதாரில் தகப்பனார் முதலெழுத்தும் குடும்ப அட்டையில் கணவர் பெயரும் இருக்கும். ஏஐ பெயரின் சாயலைப் பார்த்து இரண்டு பெண்களை ஒருவராக்கிவிடும்; ஒருத்தியை இரண்டாகவும் பிரித்துவிடும். முதல் வகைத் தவற்றில் ஒரு குடும்பத்துக்கு அரிசி நின்றுபோகும். ஊர், பிறந்த ஆண்டு, குடும்ப அட்டையின் கடைசி நான்கு எண்கள் ஆகிய மூன்றும் ஒத்துப்போனால் மட்டும் ஒரே ஆள் என்று எடுக்க வேண்டும். சந்தேகம் வந்தால் நேரில் போய்க் கேட்க வேண்டும்.

சம்மதம் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு பக்கச் சட்டத் தமிழில் படிவம் நீட்டி ரேகை வாங்குவதால் யாருக்கும் எதுவும் விளங்காது. பேச்சில் சொன்னால் அரை நிமிடத்தில் முடியும்: "அக்கா, நீங்க சொல்றதை போன்ல பதிவு பண்ணிக்கிறேன். அதைக் கம்ப்யூட்டர் எழுத்தா மாத்தும். உங்க பேரு, ஆதாரு எதையும் அதுல போட மாட்டோம். வேணாம்னா இப்பவே சொல்லுங்க. அடுத்த மாசம் வந்து சொன்னாலும் அழிச்சிருவோம். வேணாம்னு சொன்னாலும் உங்களுக்கு வர்ற உதவி நிக்காது." சொல்லி முடித்ததும், என்ன புரிந்தது என்று அவரையே திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். புகைப்படத்துக்குச் சம்மதம் தனியாகக் கேட்க வேண்டும். நிவாரண வரிசையில் நிற்கும்போது இதைக் கேட்கவே கூடாது. அரிசி மூட்டைக்கு முன்னால் நின்றுகொண்டு "சரி" என்று சொல்வதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பதிவு செய்த பேச்சை எழுத்தாக்குவதில் ஏஐ உண்மையிலேயே பெரிய உதவி. ஆனால் குரலிலேயே பெயரும் ஊரும் கலந்திருப்பதால் வெளியே அனுப்பாமல் அலுவலகக் கணினியிலேயே செய்வது நல்லது. 2022-ல் வெளியான விஸ்பர் என்ற திறந்த மென்பொருளும், சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளுக்காக வெளியிட்டுள்ளவையும் இணையம் இல்லாமலே ஓடும். சாதாரணக் கணினியில் மெதுவாகத்தான் ஓடும்; இரவில் போட்டுவிட்டுப் போனால் காலையில் எழுத்து தயாராக இருக்கும்.

அந்த எழுத்தை நம்புவதற்கு முன் சிலவற்றைப் பார்க்க வேண்டும். இந்தக் கருவிகள் செய்தித் தமிழுக்கு நன்றாகப் பழகியவை, கடற்கரைத் தமிழுக்கு அல்ல. "வள்ளம் போச்சு" என்பது "வெள்ளம் போச்சு" என்று விழுந்தால், படகை இழந்தவர் வெள்ளம் வடிந்துவிட்டதாகச் சொன்னவர் ஆகிவிடுவார். மீன்பாடு, கச்சான், சோழகம், கொண்டல், மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை போன்ற மீன்வரவு, காற்று, பாசிகளுக்கான சொற்களும் அப்படித்தான் உருமாறும். இவற்றையெல்லாம்விட ஆபத்தானது எதிர்மறை. பேச்சுத் தமிழில் "வரல", "குடுக்கல", "கெடைக்கல" என்று "இல்லை" என்பது ஒற்றை "ல" ஆகச் சுருங்கிக் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும். காற்றில் அது கேட்காமல் போனால் கிடைக்காதது கிடைத்ததாகப் பதிவாகிவிடும். யாரும் பேசாத இடைவெளியில் கருவி தானே ஒரு வாக்கியத்தை எழுதி வைப்பதும் உண்டு. எனவே கைபேசியை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், கடலுக்கு முதுகு காட்டி, கூரைக்குக் கீழே வைத்துப் பதிவு செய்ய வேண்டும். பிறகு முதல் இரண்டு நிமிடத்தை எழுத்தோடு சேர்த்துக் கேட்டு, நூறு சொல்லுக்கு எத்தனை தவறு என்று எண்ண வேண்டும். பத்துக்கு மேல் போனால் அந்தப் பதிவைக் கையால் எழுதுவதே மேல். பத்துக்குள் இருந்தாலும் எண்கள், எதிர்மறைகள் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் திரும்பக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.

இனி வெளியே வருவது. இதில் பெரிய சேதம் திட்ட அறிக்கையில்தான் நடக்கிறது. பாசி வளர்ப்பை வைத்துக் காட்டுகிறோம்.

நம் ஊரில் பெப்சி பாசி என்று சொல்லும் கப்பாபைகஸ் பாசியை 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவையில் வளர்க்கிறார்கள். ஒரு மிதவைக்கு 60 கிலோ விதைப்பாசி கட்டினால், 45 நாளில் சுமார் 240 கிலோ வரும் என்பது கணக்கு. ஒருவருக்கு 45 மிதவை இருந்தால் தினமும் ஒன்றை அறுக்கலாம். இந்த எண்களைக் கொடுத்து "ஆண்டு வருமானம் போட்டுத் தா" என்றால் ஏஐ என்ன செய்யும்? 365 நாளை 45-ஆல் வகுத்து எட்டுச் சுற்று என்று எடுக்கும். எட்டை 240-ஆல் பெருக்கி, மிதவைக்கு 1,920 கிலோ என்று அழகான அட்டவணை போட்டுவிடும்.

அந்த அட்டவணையில் கடல் இல்லை. வாடைக்காற்று மாதங்களில் பாக் நீரிணைப் பக்கம் மிதவை தாங்காது. கயிறு அறுந்து கரையில் வந்து கிடக்கும். கோடையில் நீர் சூடேறினால் தண்டு வெளுத்து, நொறுங்கி உதிர்ந்துவிடும். 2013-ஐ ஒட்டி இப்படிக் கூட்டமாக அழிந்த பிறகு பலர் இந்தத் தொழிலையே விட்டுவிட்டார்கள். காற்றும் வெயிலும் ஒத்துழைத்தால் ஆறு சுற்று கிடைக்கும். அந்த ஆறிலும் ஒவ்வொரு அறுவடையிலிருந்து 60 கிலோ அடுத்த சுற்றுக்கு விதையாகத் திரும்பப் போக வேண்டும். எஞ்சுவது 180 கிலோ. ஆறு சுற்றுக்கு 1,080 கிலோ. காய்ந்தால் பத்தில் ஒரு பங்குதான் நிற்கும், அதாவது ஏறக்குறைய 108 கிலோ. ஏஐ ஈரப் பாசியின் எடையைக் காய்ந்த பாசியின் விலையால் பெருக்கிவிட்டால், அதைக் கண்டுபிடிக்க எக்செல் தெரிந்தவரால் முடியாது, பாசி காயப் போட்டவரால்தான் முடியும். மீன் வந்து கடிக்காமல் மிதவைக்கு அடியில் கட்டும் வலை, நங்கூரம், ஆண்டுதோறும் மாற்ற வேண்டிய மூங்கில் ஆகியவற்றின் செலவும் அந்த அட்டவணையில் பெரும்பாலும் விட்டுப்போகும்.

மிதவைக்கு 840 கிலோ மிகை. 45 மிதவைக்கு 37,800 கிலோ. தவறு காகிதத்தோடு நின்றால் கூடப் பரவாயில்லை. பணம் கொடுத்தவர் அடுத்த ஆண்டு வந்து, "நீங்கள் சொன்ன விளைச்சல் எங்கே?" என்று கேட்பார். பதில் சொல்ல வேண்டியவர்கள் இடுப்பளவு நீரில் நின்று பாசி கட்டிய பெண்கள். ஒழுங்காக வேலை செய்யவில்லை என்ற பெயர் அவர்களுக்கு வரும். அதைக் காரணம் காட்டி அடுத்த கடனும் மறுக்கப்படும். எனவே வருமானக் கணக்கை ஏஐ போடக் கூடாது. கணக்கைப் பாசிப் பெண்கள் இருவரோடு உட்கார்ந்து எக்செலில் போட வேண்டும். அதை ஆங்கிலத்தில் விளக்கி எழுத மட்டும் ஏஐயைக் கேட்கலாம்.

அதற்கு அடுத்தது கடல் எச்சரிக்கை. இதில் எங்கள் கருத்து ஒன்றுதான்: இந்த வேலையை ஏஐயிடம் கொடுக்கவே கூடாது. வானிலைத் துறையின் ஆங்கில அறிக்கையைப் போட்டு "சுருக்கமாகத் தமிழில் தா" என்று கேட்டு வாட்ஸ்அப் குழுவில் விடுகிறார்கள். அதில் 45 நாட் என்று இருந்ததை 45 கிலோமீட்டர் என்று எழுதிவிட்டால் காற்றின் உண்மையான வேகத்தில் பாதியைத்தான் சொல்கிறோம். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர், 45 நாட் என்பது மணிக்கு 83 கிலோமீட்டர். 0300 யுடிசி, அதாவது உலகப் பொது நேரம் மூன்று மணி என்பது நமக்குக் காலை எட்டரை மணி. அது "அதிகாலை மூன்று மணி" என்று வந்தால் பழைய நிலவரம் என்று நினைத்து வள்ளத்தைத் தள்ளிவிடுவார்கள். தூரத்திலிருந்து உருண்டு வரும் பெரிய அலையைக் குறிக்கும் ஸ்வெல் என்பதை "வீக்கம்" என்று மொழிபெயர்த்தால் யாருக்கு என்ன விளங்கும்? பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டில் 1-ம் எண்ணும் 2-ம் எண்ணும் தூரத்துப் புயலுக்கு, 3-ம் 4-ம் உள்ளூர் எச்சரிக்கைக்கு, 5 முதல் 7 வரை அபாயத்துக்கு, 8 முதல் 10 வரை பெரும் அபாயத்துக்கு, 11 தகவல் தொடர்பு அற்றுப்போனதற்கு. மீனவருக்கு மனப்பாடமான இந்த வரிசையில் ஒரு எண் மாறினாலும் அதன் பொருள் வேறு. சென்னை வானிலை மையம் தமிழிலேயே அறிக்கை தருகிறது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் அலை உயரத்தையும் கடல் நிலையையும் தருகிறது. அவற்றை ஒரு எழுத்தும் மாற்றாமல், வெளியான நாளும் நேரமும் சேர்த்து, அப்படியே அனுப்புவதுதான் சரி.

மற்ற மொழிபெயர்ப்புகளுக்கு ஏஐ உதவும். ஆனால் அது தரும் தமிழ் நம் கரையில் பேசும் தமிழ் அல்ல. பாசியைக் "கடல் களை" என்கிறது. கடல் அட்டையைக் "கடல் வெள்ளரி" என்கிறது. பிடித்தால் வழக்கு என்று 2001-லிருந்து தடை உள்ள உயிரினம் அது. "கடல் வெள்ளரி பிடிக்காதீர்" என்று துண்டறிக்கை போட்டால் யாரை எச்சரிக்கிறோம்? கடற்பசுவை ஆவுளியா என்று சொன்னால் பாக் நீரிணையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகுக்கு இல்லை என்பதை விட்டுவிட்டு "மீன்பிடிக்கத் தடை" என்று மொட்டையாக எழுதிவிடும். இதற்கு எளிய வழி, நூறு கடற்கரைச் சொற்களை ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் "இந்தச் சொற்களையே பயன்படுத்து" என்று சேர்த்துக் கொடுப்பது. வந்த வரைவை அச்சிடும் முன் ஒரு மீனவரிடமும் பாசிக்குப் போகும் ஒரு பெண்ணிடமும் வாசித்துக் காட்ட வேண்டும். அந்த நேரத்துக்கு அவர்களுக்குக் கூலியும் கொடுக்க வேண்டும்.

புள்ளிவிவரங்களில் இன்னொரு குழி இருக்கிறது. பழைய இராமநாதபுரம் மாவட்டம் 1985-ல் மூன்றாகப் பிரிந்தது. சிவகங்கையும் விருதுநகரும் சேர்ந்திருந்த காலத்து எண்களை இன்றைய மாவட்டத்தின் எண்ணாக ஏஐ தயங்காமல் தந்துவிடும். 2011 கணக்கெடுப்பின்படி இன்றைய மாவட்டத்தின் மக்கள்தொகை 13,53,445. இப்படி ஒவ்வொரு எண்ணுக்கும் மூல ஆவணத்தைத் திறந்து பார்க்காமல் அறிக்கையில் சேர்க்கக் கூடாது. கைதான மீனவருக்காக எழுதும் மனுவில் இது இன்னும் முக்கியம். ஐஎன்டி-டிஎன்-10-எம்எம் என்று தொடங்கும் படகுப் பதிவு எண், வழக்கு எண், சட்டப் பிரிவு, தேதி, பெயர் எதையும் ஏஐயிடம் கொடுக்காமல், அந்த இடங்களில் வெறும் கோடு போட்டு வரைவு வாங்க வேண்டும். அச்சிட்ட பிறகு கையால் நிரப்பி, ஒருவர் வாசிக்க மற்றவர் மூல ஆவணத்தைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். இதில் இரண்டு நன்மை: பெயர் வெளியே போவதில்லை, எண்ணும் மாறுவதில்லை.

உதவி யாருக்கு என்று தேர்ந்தெடுக்கும் வேலை மனிதர்களுடையது. வான்படத்தில் கான்கிரீட் கூரை தெரிந்தால் வசதியான வீடு என்று மதிப்பெண் போடும் கருவிகள் இருக்கின்றன. கடலோரத்தில் அரசுத் திட்டத்தில் கட்டிக் கொடுத்த கான்கிரீட் வீட்டுக்குள் உலை வைக்க அரிசி இல்லாத குடும்பம் இருக்கும். சொந்தக் கைபேசி இல்லாத முதியவள் எந்தத் தரவிலும் வரவே மாட்டாள். மதிப்பெண் ஏன் குறைந்தது என்று அவள் கேட்டால் அலுவலகத்தில் யாராலும் பதில் சொல்லவும் முடியாது. பட்டியலை ஊர்க் கூட்டத்தில் உரக்க வாசித்து, ஏழு நாள் ஆட்சேபணைக்கு விட்டு, பெண்கள் குழுவும் ஊர்த் தலைவரும் கையெழுத்திடும் பழைய முறையே நியாயமானது.

படங்களைப் பொறுத்தவரை, இல்லாத குழந்தையின் கண்ணீரை ஏஐயில் வரைந்து நன்கொடை கேட்பது பொய் சொல்லிப் பணம் வாங்குவது. உண்மைப் படம் என்றால் முகத்தை மறைப்பதோடு பள்ளிச் சீருடை, பெயர்ப்பலகை, கோபுரம் ஆகியவற்றையும் வெட்ட வேண்டும். கோப்பாக அனுப்பும் படத்துக்குள் எடுத்த இடத்தின் குறி இருக்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இத்தனைக்கும் அலுவலகத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, யார், எந்தக் கருவி, எதற்காக, கோப்பின் நிறம், வெளியே விடும் முன் படித்தவர் கையெழுத்து என்று ஆறு கட்டம் போட்டால் ஆயிற்று. கணக்குகள் நிறுவன மின்னஞ்சலில் இருக்கட்டும். தவறிச் சிவப்புக் கோப்பு ஏறிவிட்டால், முதலில் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, பகிர்வு இணைப்பை முடக்கி, உரையாடலை அழித்து, அன்றே பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் அழித்தாலும் நிறுவனத்தின் கணினியில் சில காலம் இருக்கக்கூடும் என்பதால், சம்பந்தப்பட்ட குடும்பங்களுக்கும் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். தரவு கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தெரிவிப்பதைச் சட்டம் கடமையாக்கியிருக்கிறது. தவறைச் சொன்ன பணியாளரைத் திட்டினால் அடுத்தவர் மறைத்துவிடுவார். அந்த ஒரு விஷயத்தில் நிர்வாகிகள் கோபத்தை அடக்கிக்கொள்ள வேண்டும்.

தங்கள் நாளிதழ் வழியாக நன்கொடை தருவோருக்கு ஒரு வேண்டுகோள். பயனாளி ஒவ்வொருவரின் ஆதார் நகல், இருப்பிடக் குறியோடு கூடிய முகப்படம் ஆகியவற்றை மின்னஞ்சலில் கேட்பதை நிறுத்துங்கள். குறியீட்டுப் பட்டியலை ஏற்றுக்கொண்டு, பத்தில் ஒருவரை நேரில் வந்து பார்த்துச் சரிபாருங்கள். ஏஐ வந்துவிட்டது என்பதற்காக அறிக்கை எழுதும் ஆளின் சம்பளத்தைத் திட்டச் செலவிலிருந்து வெட்டாதீர்கள். வருவதைப் படித்துப் பார்க்க ஆள் வேண்டும். தங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: தொண்டு நிறுவனங்கள் அனுப்பும் செய்திக்குறிப்போடு வரும் படம் உண்மையில் எடுத்ததா, படத்தில் உள்ளவர் சம்மதித்தாரா என்று கேட்டுவிட்டு வெளியிடுங்கள். நாளிதழ் கேட்கிறது என்று தெரிந்தால் நிறுவனங்களும் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளும்.

பழைய பட்டியல்களை எடுத்து நிறம் பிரிக்கவும், தேவையற்றதைக் கிழித்து எரிக்கவும், விட்டுப்போன சம்மதங்களைக் கேட்டு வாங்கவும் விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த 61 நாட்கள் வசதியானவை. ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். பாசிக்குப் போகும் பெண்களிடம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் போகாதீர்கள், அப்போது கடலில் இருக்கக்கூடும். இடைப்பட்ட நாட்களில், சாயங்காலம் போங்கள்.

இப்படிக்கு,
கடலோரத் தொண்டு நிறுவனங்களுக்கு ஆவணப் பணியும் கணினிப் பயிற்சியும் அளிக்கும் குழுவினர்,
இராமநாதபுரம் மாவட்டம்.